சேற்று வயலில் பழைய டிராக்டர்: பராமரிப்பும் பழுதுநீக்கமும்

பழைய டிராக்டர் பராமரிப்பு என்பது, உத்தரவாதக் காலம் முடிந்து பல ஆண்டுகள் கடந்த உழவு டிராக்டர்களைத் தொடர்ந்து வேலை செய்யும் நிலையில் வைத்திருக்கும் தொழிலறிவைக் குறிக்கும். தமிழ்நாட்டில் டிராக்டர் நிலைபெற்ற வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலைகள், வங்கிக் கடன், பசுமைப் புரட்சி ஆகியவற்றின் வழியாகவே சொல்லப்படுகிறது. ஆனால் ஓர் இயந்திரம் ஓர் ஊரில் நிலைப்பது, அது பழுதாகும்போது அந்த ஊரிலேயே சரிசெய்ய முடிகிறதா என்பதைப் பொறுத்தது. கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு வட்டாரம் போன்ற, நன்செயும் புன்செயும் கலந்த பகுதிகளில் இதைத் தெளிவாகக் காணலாம்.

பெயர்

தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் ‘டிராக்டர்’ என்ற சொல்லே நிலைத்துவிட்டது. பாடநூல்களிலும் அரசு ஆவணங்களிலும் ‘உழவு இயந்திரம்’, ‘இழுவை இயந்திரம்’ ஆகிய சொற்கள் காணப்படுகின்றன. இலங்கைத் தமிழர் வழக்கில் ‘உழவு இயந்திரம்’ அன்றாடப் பேச்சிலும் உள்ளது. அங்கு இரு சக்கர உழவு இயந்திரத்தை ‘லாண்ட்மாஸ்டர்’ என்பர். ஒரு வணிகப் பெயர் அந்த வகை இயந்திரம் முழுவதற்கும் பொதுப்பெயராகிவிட்டதற்கு இது எடுத்துக்காட்டு.

வட்டாரப் பின்னணி

சேத்தியாத்தோப்பு, கடலூர் மாவட்டத்தின் புவனகிரி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. 1993ஆம் ஆண்டு வரை இப்பகுதி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலையும், விருத்தாசலத்திலிருந்து கிழக்கே வரும் சாலையும் இங்கு சந்திக்கின்றன. வெள்ளாற்றின் குறுக்கே இங்குள்ள அணைக்கட்டும், தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்துள்ள வீராணம் ஏரியும் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாசனம் தருகின்றன. சோழர் காலத்தைச் சேர்ந்த அந்த ஏரிக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இவ்வூரை ஒட்டியே அமைந்துள்ளது.

இந்த ஊரின் தெற்கிலும் கிழக்கிலும் சம்பா நெல் விளையும் களிமண் நிலம். மேற்கே பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை நோக்கிச் செல்லச் செல்ல முந்திரியும் நிலக்கடலையும் விளையும் புன்செய் நிலம். இங்குள்ள ஒரே டிராக்டர் சம்பாப் பட்டத்தில் சேற்றில் சேடை ஓட்டும். கோடையில் புழுதி பறக்க மேட்டு நிலத்தை உழும். அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிரெய்லரை ஆலைக்கு இழுத்துச் செல்லும். நீர், தூசி, பாரம் என்று இயந்திரத்தைத் தேய்க்கும் மூன்றும் ஓராண்டுக்குள்ளேயே அதன்மீது வந்து சேர்கின்றன. அதனால் இத்தகைய பகுதிகளில் பராமரிப்பு ஓர் உபரி வேலையாக இல்லாமல் வேளாண்மையின் ஒரு பகுதியாகவே உள்ளது.

டிராக்டரின் வருகை

இந்தியாவில் டிராக்டர் முதலில் சிறு உழவரின் கருவியாக வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற இயந்திரங்களைக் கொண்டு, 1947இல் மத்திய டிராக்டர் அமைப்பு தொடங்கப்பட்டது. களை மண்டிய தரிசு நிலங்களைத் திருத்துவதே அதன் பணி. தொடர்ந்த ஆண்டுகளில் பிரிட்டன், சோவியத் ஒன்றியம், செக்கோஸ்லோவாக்கியா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து டிராக்டர்கள் இறக்குமதியாயின.

இறக்குமதி டிராக்டரின் பெரிய குறை உதிரிபாகம். ஒரு தாங்கு உருளையோ ஒரு நாசிலோ கெட்டுவிட்டால், அது வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை இயந்திரம் கொட்டகையில் நிற்க வேண்டும். பட்டம் தவறினால் அந்த ஆண்டு உழவே போய்விடும். மேலும் ஒவ்வொரு நாட்டு இயந்திரத்துக்கும் அளவுமுறை வேறு. பிரிட்டிஷ் டிராக்டரின் திருகுகள் அங்குல அளவில் இருக்கும்; கிழக்கு ஐரோப்பிய டிராக்டரின் திருகுகள் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இரண்டையும் பழுதுபார்க்க வேண்டிய மெக்கானிக் இரு வகை ஸ்பேனர்களையும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இயந்திரத்தை வாங்குவதைவிட அதைக் காப்பாற்றும் ஆட்களை உருவாக்குவது கடினம் என்பது அரசுக்கும் விரைவில் புரிந்தது. 1955இல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் டிராக்டர் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. பின்னாளில் இது வேளாண் இயந்திரங்களுக்கான பயிற்சி, சோதனை நிறுவனமாக வளர்ந்தது. தென்மாநிலங்களுக்கான இதுபோன்ற நிறுவனம் 1983இல் ஆந்திராவின் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் அமைந்தது.

சென்னையில் உற்பத்தி

இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர் 1959 ஏப்ரலில் பரீதாபாத்தின் ஐச்சர் ஆலையிலிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டே சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் சார்பில் ‘டிராக்டர்ஸ் அண்ட் ஃபார்ம் எக்யூப்மென்ட்’ (டாஃபே) நிறுவனம், மாசி பெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கப்பட்டது. 1963இல் மகிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் ஆகியவை கூட்டாக இன்னொரு டிராக்டர் நிறுவனத்தை அமைத்தன. எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் 1960களில் களமிறங்கியது. முற்றிலும் இந்திய வடிவமைப்பில் உருவான சுவராஜ் 724 டிராக்டர் 1974இல் வந்தது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை டாஃபேயின் வருகை முக்கியமான திருப்பம். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பு முறையும் ஹைட்ராலிக் தூக்கியும் இந்த டிராக்டர்களின் அடிப்படை. இவற்றுக்கான எஞ்சின்களைப் பிரிட்டனின் பெர்க்கின்ஸ் நிறுவன வடிவமைப்பைத் தழுவிச் சென்னையின் சிம்சன் நிறுவனம் தயாரித்தது. இந்த வகையில் புகழ்பெற்ற 3.152 என்ற பெர்க்கின்ஸ் எஞ்சினின் பெயரிலேயே அதன் அமைப்பு அடங்கியிருக்கிறது. மூன்று சிலிண்டர்கள், 152 கன அங்குலக் கொள்ளளவு என்பது அதன் பொருள்.

டிராக்டர் ஆலையைவிடப் பழுதுநீக்கத்துக்கு அதிகம் உதவியது அதைச் சுற்றி வளர்ந்த உதிரிபாகத் தொழில். பிஸ்டன், ரிங் தயாரிக்கும் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே சென்னையில் தொடங்கப்பட்டிருந்தது. டீசல் பம்பும் நாசிலும் தயாரிக்கும் மைக்கோ 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. டைனமோ, செல்ஃப் மோட்டார் போன்ற மின்பாகங்களை லூகாஸ் டிவிஎஸ் 1960களில் சென்னையை அடுத்த பாடியில் தயாரிக்கத் தொடங்கியது. இதனால் கடல் கடந்து வரவேண்டியிருந்த பாகங்கள் பேருந்தில் ஒரே இரவில் வந்து சேரும் நிலை உருவாயிற்று. எம்.எஃப். 1035 போன்ற மாதிரிகள் பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டதால், பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பெரும்பாலும் ஒரே பாகம் பொருந்தியது. பழைய டிராக்டர் இன்றும் ஓடுவதற்கு இந்தத் தொடர்ச்சி முதன்மைக் காரணம்.

கடனும் காத்திருப்பும்

1960–61இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தொகுப்பு வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற குறுகிய கால நெல் வகைகள் பரவின. குறுவை அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் இடையே கிடைக்கும் நாள்கள் குறைவு. அந்தச் சில நாள்களில் நிலத்தைத் தயார் செய்ய மாட்டு ஏர் போதாமல் போனபோது டிராக்டரின் தேவை கூடியது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானதும் டிராக்டருக்குக் கடன் கிடைப்பது எளிதாயிற்று. ஆனால் உற்பத்தி தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தட்டுப்பாடு ஒரு பழக்கத்தை உருவாக்கியது. புதிய வண்டி கிடைப்பது அரிது என்பதால், இருப்பதைக் கைவிடாமல் எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து மீண்டும் ஓட்டினர். பெரிய விவசாயி விற்ற வண்டியைச் சிறு விவசாயி வாங்கினார். சொந்த நிலம் போக, மணிக்கணக்கில் வாடகைக்கு உழுது கடனை அடைத்தார். மாநில அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களையும் புல்டோசர்களையும் குறைந்த வாடகைக்கு விடுகிறது. டிராக்டர் வைத்திராத உழவரும் டிராக்டர் உழவுக்கு மாறியது இவ்வாறுதான். எனவே பழைய வண்டி ஒன்று பட்டத்தின் நடுவில் நின்றால் பாதிக்கப்படுவது அதன் உரிமையாளர் மட்டுமல்ல. அவரிடம் நாள் சொல்லி வைத்திருக்கும் நான்கைந்து குடும்பங்களின் நடவும் தள்ளிப்போகிறது.

சேறு செய்யும் சேதம்

சேற்று வயலில் ரப்பர் டயர் வழுக்கும். ஆகவே பின்சக்கரத்தோடு இரும்பாலான கேஜ்வீல் பொருத்தப்படுகிறது. இது சேற்றைக் கலக்கி உழவுக்கு உதவினாலும், அச்சின் மீதும் அதன் தாங்கு உருளைகள் மீதும் கூடுதல் சுமையை ஏற்றுகிறது. சக்கரக் குடத்தில் உள்ள ஆயில் சீல் தேய்ந்தால் சேற்றுநீர் உள்ளே புகும். முன்சக்கரத்தின் பேரிங், கிங்பின், புஷ் ஆகியவையும் சேற்றில் விரைவில் தேயும். அதனால் சேடை ஓட்டி முடிந்த அன்றே வண்டியைக் கழுவி, கிரீஸ் அடிப்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். புதிய கிரீஸ் உள்ளே செல்லும்போது பழைய கிரீஸும் அதோடு சேர்ந்த நீரும் வெளியே வரவேண்டும். அதுவரை அடித்தால்தான் பலன் உண்டு.

பெர்குசன் வழிவந்த டிராக்டர்களில் கியர்பெட்டி, பின்னச்சு, ஹைட்ராலிக் ஆகியவை ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹைட்ராலிக் பம்பு அந்த எண்ணெய்க்குள்ளேயே மூழ்கியிருக்கும். சேற்றுநீர் கசிந்து கலந்தால் எண்ணெய் பால்போல வெளுத்துவிடும். கலப்பையைத் தூக்கும்போது நடுங்குவதும், தூக்கிய கலப்பை மெல்ல இறங்குவதும் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்பதற்கான முதல் அறிகுறிகள். அந்த நிலையில் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு சீலை விட்டுவிட்டால் அடுத்த உழவில் அதே பழுது திரும்ப வரும்.

தூசியும் வைக்கோலும்

கோடை உழவின்போதும் கதிரடிக்கும்போதும் எழும் தூசி எஞ்சினுக்குச் சேற்றைவிடப் பெரிய பகை. பழைய டிராக்டர்களில் உள்ள ‘ஆயில் பாத்’ காற்று வடிகட்டியில், உள்ளே இழுக்கப்படும் காற்று எண்ணெயின் மேற்பரப்பில் மோதித் திரும்பும். தூசி எண்ணெயில் தங்கிவிடும். மீதமுள்ளதைக் கம்பி வலை பிடிக்கும். இந்தக் கிண்ணத்தில் சேறு படிந்துவிட்டால் காற்று குறைந்து எஞ்சின் கரும்புகை விடும். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் தூசி நேராக உள்ளே போகும். அப்போது லைனரும் ரிங்கும் தேய்ந்து, எண்ணெயும் சேர்ந்து எரிந்து நீலப்புகை வரும். கவனித்தால் சில ரூபாயில் முடியும் வேலை, கவனிக்காவிட்டால் எஞ்சினையே பிரிக்கும் செலவில் கொண்டுபோய் விடும்.

வைக்கோல் துணுக்குகள் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துக்கொள்வதும் வழக்கமான பழுது. எஞ்சின் சூடேறுவதற்கு ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த ஃபேன் பெல்ட், நீர்க் குறைவு ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பர். சூடான ரேடியேட்டரின் மூடியை உடனே திறப்பது ஆபத்து. கொதிநீர் பீறிட்டுத் தீக்காயம் ஏற்படும்.

டீசலும் புகையும்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தால் டீசல் எரிகிறது. ஆகவே சரியான நேரத்தில், சரியான அழுத்தத்தில் டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் பம்பும் நாசிலுமே அதன் உயிர்நிலை. டீசலில் நீரோ துருவோ கலந்தால் இவை கெடும். டாங்கியில் டீசல் தீர்ந்து போனால் குழாயில் காற்று புகுந்து ‘ஏர் லாக்’ ஆகும். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு டீசல் பம்பிலும், கடைசியாக நாசில் குழாய்களிலும் இதையே செய்ய வேண்டும். வரிசை மாறினால் காற்று முழுவதும் வெளியேறாது.

புகையின் நிறத்தைக் கொண்டு பழுதைக் கணிப்பது பட்டறைகளின் பொது அறிவு. கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நின்றபாடில்லை என்றால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது சிலிண்டருக்குள் நீர் கசிகிறது என்று பொருள். ஆயில் அளவுக்கோலில் எண்ணெய் மட்டம் குறைவது போலவே கூடுவதும் கவலைக்குரியது. டீசலோ நீரோ உள்ளே கலந்தால்தான் மட்டம் ஏறும்.

டிராக்டரின் வயது கிலோமீட்டரில் அளக்கப்படுவதில்லை. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. எண்ணெய் மாற்றுவது முதல் வால்வு இடைவெளி பார்ப்பது வரை எல்லாம் அந்தக் கணக்கில்தான். 3.152 வகை எஞ்சினில், குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.012 அங்குலம். பழைய வண்டிகளில் மணிக்காட்டி நின்றுபோயிருப்பது சாதாரணம் என்பதால், ஒரு நோட்டில் எழுதி வைப்பதே நம்பகமான வழி.

பட்டறை என்னும் பள்ளி

டிராக்டருக்குத் தனிச் சட்டகம் இல்லை. எஞ்சின் பிளாக், கியர்பெட்டி, பின்னச்சுக் கூடு ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. ஆகவே ஒரு கிளட்ச் பிளேட்டை மாற்றவும் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்னச்சு பக்கவாட்டில் ஆடாமலிருக்க மரக்கட்டை ஆப்பு வைத்து, இரு பகுதிகளையும் உறுதியாகத் தாங்கி நிறுத்திய பிறகே திருகுகளைக் கழற்றுவர். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. இந்த எச்சரிக்கைகளை உடனிருந்து பார்த்தவரே முழுமையாகக் கற்க முடியும்.

பெரும்பாலான டிராக்டர் மெக்கானிக்குகள் சிறு வயதில் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக் பிரிவு ஓராண்டுப் படிப்பாகவும் இருந்தது. பட்டறையோடு லேத்தும், எஞ்சின் ரீபோரிங் வேலையும் சேர்ந்ததுதான் முழுமையான பழுதுநீக்கம். தேய்ந்த கிராங்கைத் தூக்கி எறிவதில்லை. 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று படிப்படியாகக் கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போடுவர். ஒரே கிராங்கு இவ்வாறு மூன்று முறை மறுவாழ்வு பெறலாம். இந்த முறை தமிழ்நாட்டின் கண்டுபிடிப்பு அல்ல, உலகெங்கும் உள்ளது. ஆனால் சாலைச் சந்திப்பில் உள்ள சிற்றூர்களிலும் அது கைக்கெட்டும் வேலையாக இருப்பதே இங்குள்ள சிறப்பு.

பெரிய வேலைகளுக்கு உகந்த காலம் கோடை. நெல் அறுவடை முடிந்து, அடுத்த பாசன நீர் வருவதற்கு முன்னுள்ள சித்திரை, வைகாசி மாதங்களில் எஞ்சினைப் பிரிப்பவர்கள் பட்டத்தை இழப்பதில்லை. ஆயுத பூசையன்று பொட்டிட்டு மாலை போடப்படும் வண்டி பெரும்பாலும் அப்போது உழவுக்கு இறங்கிவிட்டிருக்கும்.

பாதுகாப்பு

பழைய டிராக்டர்களில் விபத்துக்குக் காரணமாகும் குறைகள் சில மட்டுமே. ஆனால் அவை உயிரைப் பறிப்பவை. இடது, வலது பிரேக்குகள் தனித்தனியாக இருப்பது வயலில் திரும்ப உதவும். சாலைக்கு வரும்போது இரண்டையும் கொளுவியால் இணைக்காவிட்டால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி கவிழும். கரும்புப் பாரத்தோடு செல்லும்போது இது இன்னும் ஆபத்து. ரொட்டவேட்டரை இயக்கும் சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும். அதன் மேலுறை உடைந்திருந்தால் லுங்கியோ துண்டோ சிக்கிக்கொள்ளும். புதிய உறையின் விலையை மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

சட்டமும் இன்றைய நிலையும்

பத்தாண்டு கடந்த டிராக்டர்கள் அழிக்கப்படும் என்ற வதந்தி அண்மை ஆண்டுகளில் பரவியது. ஒன்றிய அரசு இதை மறுத்தது. வேளாண் டிராக்டர் முதலில் 15 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யப்படுகிறது. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். எனவே நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியை வைத்திருக்கச் சட்டத் தடை இல்லை.

பழுதுநீக்கத்தின் எதிர்காலத்தை மாற்றக்கூடியது வேறொன்று. 2023 ஜனவரி முதல், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை வரம்பு நடைமுறைக்கு வந்தது. இதனால் இவ்வகை வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு கூடிய டீசல் செலுத்து முறை இடம்பெறுகிறது. புகை குறைவதும் டீசல் மிச்சமாவதும் இதன் நன்மைகள். ஆனால் பழுதைக் கண்டறிய நிறுவனத்தின் மென்பொருளும் கருவியும் தேவைப்படுகின்றன. புகையைப் பார்த்தும் ஓசையைக் கேட்டும் பழுது சொல்லும் அறிவு இங்கு போதாது. சிறு விவசாயிகள் வைத்திருக்கும் குறைந்த திறனுள்ள வண்டிகளை இது இன்னும் பெரிதாகத் தொடவில்லை.

உலக அளவில் இந்தச் சிக்கல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்ற இயக்கமாக வளர்ந்துள்ளது. 2023இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், உழவர் தம் வேளாண் இயந்திரத்தைத் தாமே பழுதுபார்க்கத் தேவையான கையேடுகளும் கருவிகளும் பெறும் உரிமையைச் சட்டமாக்கியது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கான குழு ஒன்றை அமைத்தது. அது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று.

இறக்குமதி டிராக்டர் ஒரு பாகத்துக்காகக் கொட்டகையில் காத்துக் கிடந்த நிலையிலிருந்து, ஊர்ப் பட்டறையிலேயே எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் நிலைக்குத் தமிழ்நாட்டு உழவர் வந்தனர். பொருந்தும் பாகம் அருகில் கிடைத்தது, வேலை தெரிந்த கை ஊரில் இருந்தது, திறந்து பார்க்கக்கூடிய இயந்திரமாக அது அமைந்தது ஆகிய மூன்றும் இதைச் சாத்தியமாக்கின. இவற்றுள் மூன்றாவது இல்லாமல் போனால், மற்ற இரண்டும் இருந்தும் பட்டத்தின் நடுவில் நிற்கும் வண்டி மீண்டும் வெளியூர் ஆளுக்காகக் காத்திருக்க நேரும்.